வடக்கே பார்த்த கம்பி

ரேடியோவுக்குக் கம்பி கட்டியதற்காகத் துரோகி என்று பேர் வாங்கியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பல்லெல்லாம் போய்விட்டது, பேரப்பிள்ளைகள் என்னைச் சாதுவான கிழவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேரை நினைத்தால் மட்டும் கோபம் அன்றைக்கு வந்த மாதிரியே வருகிறது. வரட்டும், அதை நான் அடக்கப் போவதில்லை.

எங்களுக்கு ஊர் நகரி. நெசவுக்காரர் தெரு. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு நாங்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, தாலுக்கா ஆபீசில் தெலுங்கு, கடன்காரனிடம் எது வருகிறதோ அது. எங்களுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இருந்ததில்லை. கஷ்டம் எல்லாம் எல்லைப் பேச்சு வந்தபிறகுதான் ஆரம்பித்தது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று தெருவுக்குத் தெரு கூட்டம். எங்கள் தெருவில் ஏழெட்டு ஆண்கள் சேர்ந்து தங்களைக் கமிட்டி என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் நைனாவும் ஒருவர். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ரேடியோ வாங்கியதே அந்தக் கமிட்டிக்காகத்தான். மெட்ராஸ் செய்தியை உடனுக்குடன் கேட்க வேண்டுமாம். மரப்பெட்டி, முன்பக்கம் துணி போர்த்திய ஸ்பீக்கர், உள்ளே கண்ணாடி வால்வுகள். குமிழைத் திருகினால் உடனே பேசாது. வால்வு சூடாக வேண்டும். அதுவரை பெட்டி முன்னால் உட்கார்ந்து அது எப்போது வாய் திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், சுவரில் பலகை அடித்து அதை உட்கார வைத்திருந்தார் நைனா. அதைத் தொடும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான். தூசி தட்டும் அதிகாரம் எனக்கு. அம்மாவுக்கு அதுவும் கிடையாது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்னைவிட நாலு வயது மூத்தவள். அத்தை மகனுக்குக் கொடுப்பதாகப் பாக்கு வெற்றிலை மாற்றிய பிறகு, எனக்கு அவன் வேண்டாம் என்று நடுவீட்டில் நின்று சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மெட்ராஸ் ரயிலேறிப் போய், தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் வேறு ஜாதி. செய்தி வந்த அன்று நைனா கிணற்றடிக்குப் போய் நாலு பேர் பார்க்கத் தலை முழுகினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அவள் பேரைச் சொல்லக் கூடாது. அவள் பாவாடையைக்கூட என்னைக் கட்டவிடவில்லை. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் நைனாவுக்கு இலை போடும்போது அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இது நைனாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

சில வருஷம் அப்படியே போனது. ஒரு வேண்டுதலுக்காக அம்மாவும் நானும் திருமலைக்குப் போனோம். இறங்கி வந்து திருப்பதியில் மாமா வீட்டில் தங்கினோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோயில் தெருப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, உன் வூட்டுக்காரரு காதுல வுழாம பாத்துக்கோ. உன் பெரிய பொண்ணு ரேடியோவுல பேசிக்கினு கீறா."

அம்மாவுக்குப் புரியவில்லை. "இன்னாடா சொல்ற?"

"மெட்ராஸ் ஸ்டேஷன்லக்கா. வியாழக்கிழம சாய்ங்காலம், நியூசுக்கு முன்னாடி, கிராமத்து ஜனங்களுக்குன்னு ஒரு நாடகம் போடறாங்க. அதுல பொண்டாட்டியா வர்றது அவ கொரலு மாதிரியே கீது. கடையில வேல செஞ்சிக்கினே கேட்டேன். பேரு சொல்லல. ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல."

அம்மா கை கழுவிய சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, பயம் என்றும் சொல்ல முடியாது. மறுபடி கேட்ட ஒரே கேள்வி, "நம்ம வூட்டு ரேடியோவுல அது வருமா?"

வராது. எங்கள் வீட்டில் மாடியில் உயரக் கட்டும் ஏரியல் கம்பி என்று ஒன்றும் கிடையாது. பட்டையான செப்புவலை ஒன்றை உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குத் தோரணம் மாதிரி தொங்கவிட்டிருந்தோம், அவ்வளவுதான். அதில் செய்தியே பாதி வரும், பாதி நாமாக யூகித்துக்கொள்ள வேண்டும். மாமா கடையிலிருந்து ஒரு சுற்றுச் செப்புக்கம்பியும், கம்பிக்கும் கட்டுகிற கயிற்றுக்கும் நடுவில் கோர்க்க, முட்டை அளவில், ஓட்டை போட்ட இரண்டு பீங்கான் குண்டுகளும் எடுத்துக்கொடுத்தார். "எவ்ளோ உயரமா கட்ட முடியுமோ கட்டு. எர்த் நல்லா போடு" என்றார். அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமில்லை, எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, மெட்ராஸ் செய்தி தெளிவாகக் கேட்கும் என்று நான் சொன்னதும் நைனாவுக்கு ஒரே குஷி. நான் பொய் சொல்லவில்லை. செய்தியும் தெளிவாகத்தானே கேட்கும்.

மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நூலுக்குச் சாயம் காய்ச்சும் செப்பு அண்டா ஒன்று அடி ஓட்டையாகிக் கிடந்தது. கொல்லையில் சாயத்தண்ணீர் கொட்டும் இடத்தில் குழி வெட்டி அதைப் புதைத்தேன். சாயத்தில் உப்புப் போடுவோம், அதனால் அந்த மண் எப்போதும் ஈரமாக, உப்பாக இருக்கும். அண்டாவிலிருந்து ஒரு கம்பியை ரேடியோவின் பின்பக்கம் எர்த் என்றிருந்த துளைக்குக் கொண்டுவந்தேன்.

மேல்கம்பியைக் கட்டியது நைனா. தெருவில் ரேடியோ வைத்திருந்த மற்ற நாலு வீட்டிலும் கம்பி கிழக்கே பார்த்துத்தான் இருந்தது. மெட்ராஸ் கிழக்கே இருக்கிறது, அதனால் கம்பியும் கிழக்கே நீள வேண்டும். இதை யார் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லைச் சண்டை வந்தபிறகு அது ஒரு கட்சிக்கொடி மாதிரியே ஆகிவிட்டது. கம்பி கிழக்கே போனால் அது தமிழன் வீடு. கமிட்டித் தலைவர் வீட்டில் கிழக்குக் கழி மேற்குக் கழியைவிட ஒரு முழம் உயரம்.

மாமா கொடுத்த கம்பி நீளம் போதாமல் இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. நைனா அதைத் தறிப் பாவில் அறுந்த இழையை முடிவது போல, கண்ணுக்கே தெரியாத சின்ன முடிச்சாக முடிந்தார். அவர் முடிச்சைப் பார்த்து மற்ற நெசவுக்காரர்கள் தலையாட்டினார்கள். மாடியின் மேற்கு ஓரத்தில் ஒரு சவுக்குக் கழி, கிழக்கு ஓரத்தில் ஒன்று, நடுவில் கம்பியைப் பாவு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினார். ரேடியோவைப் போட்டால் முன்பு வந்ததுகூட வரவில்லை.

எல்லாரும் ரேடியோவைத் திட்டினார்கள். நான் மாடியேறி முடிச்சைப் பார்த்தேன். அந்தக் கம்பிக்கு மேலே மெல்லிசாக அரக்கு மாதிரி ஒரு பூச்சு இருந்தது. பூச்சோடு பூச்சைச் சேர்த்து எவ்வளவு அழகாக முடிந்தால் என்ன, செம்பும் செம்பும் தொட்டுக்கொள்ளவில்லையே. அரிவாள்மணையில் சுரண்டி, பளபளவென்று வந்ததும், நைனா முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு முரடாக முறுக்கினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் குரல் வந்தது.

குரலோடு இரைச்சலும் வந்தது. தெருவில் அப்போதுதான் மோட்டார் தறி வந்திருந்தது. யார் வீட்டில்? கமிட்டித் தலைவர் வீட்டில்தான், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. மூன்று மோட்டார் தறி விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஓடும். அந்த மோட்டார் சத்தம் முழுவதும் ரேடியோவுக்குள் ஏறிக்கொண்டு கர்ரென்று அரைத்தது. செய்தி வாசிப்பவர் அரிசி மாவு மில்லுக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலக் கேட்கும். அந்த மில்லுக்கு எதிரே கமிட்டி ஆண்கள் ஏழெட்டுப் பேர் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைவரும்தான், அவர் வீட்டு ரேடியோவில் இதுகூட வராது.

அந்த முதல் வியாழக்கிழமை நைனா கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் போட்டோம். நாடகம் வந்தது. ஒரு பெண் பேசினாள். ஒரு வார்த்தை வரும், நாலு வார்த்தையை மோட்டார் தின்றுவிடும். அம்மா ஸ்பீக்கர் துணியின் மேல் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளா, இல்லியான்னே தெரிலடி. பெத்தவ எனக்கே தெரியல" என்றாள்.

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் எனக்கு வெறி பிடித்தது. வருகிற வியாழக்கிழமைக்குள் அந்தக் குரலை இந்த வீட்டுக்குள் கொண்டுவராவிட்டால் நான் இந்த வீட்டில் நெய்யும் துணியைக் கட்டமாட்டேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

நைனா இல்லாத நேரத்தில் ரேடியோவைப் போட்டு, அம்மாவைக் கீழே கேட்கச் சொல்லிவிட்டு, மூன்று நாள் என்னென்னவோ செய்து பார்த்தேன். கழியை உயர்த்தினேன். எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், கிழக்குக் கழியில் கட்டியிருந்த கயிறு நைந்து அறுந்துவிட்டது. கம்பி கீழே விழாமல் பீங்கான் குண்டுக்கு இந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கட்ட வேறு கயிறு வேண்டும். கொல்லைப் பக்கம் வேப்பமரக் கிளையில் துணி காயப்போடும் கயிறு இருந்தது. அதை எடுக்க, கம்பியையும் இழுத்துக்கொண்டே வடக்கு ஓரத்துக்கு நடந்தேன். கீழே அம்மா கத்தினாள்.

"ஏய்! இன்னா செஞ்ச? தெளிவா வருது!"

நான் பழைய இடத்துக்குத் திரும்பினேன். "போச்சுடி, போச்சு!" மறுபடி வடக்கே போனேன். "வந்துடுச்சு! அங்கயே நில்லு!"

அப்புறம்தான் நான் நிமிர்ந்து தெருவைப் பார்த்தேன். மின்சாரக் கம்பம் எல்லாம் தெருவோடு, மேற்கிலிருந்து கிழக்காக நட்டிருந்தார்கள். அந்தக் கம்பியும் எங்கள் கம்பியும் பக்கம் பக்கமாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தன. மோட்டார் இரைச்சல் முழுவதும் அதிலிருந்து இதற்கு ஏறிக்கொண்டிருந்தது. குறுக்கே போட்டதும் விட்டுவிட்டது. மெட்ராஸ் கிழக்கே இருக்கிறதா வடக்கே இருக்கிறதா என்று எங்கள் கம்பிக்கு ஒன்றும் தெரியாது. அது தெருக்காரர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. நான் கம்பியை வீட்டு நீளத்துக்கு, தெற்கிலிருந்து வடக்காக இழுத்து, கடைசிக் குண்டை வேப்பமரத்தில் கட்டினேன். ரேடியோவுக்கு இறங்கும் கம்பியையும் தெருப் பக்கம் இல்லாமல் கொல்லைப் பக்கம் இறக்கினேன். சாயங்காலச் செய்தி பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல வந்தது. நைனாகூட, "பரவால்லியே" என்றார். மாடியேறிப் பார்க்கவில்லை, அதனால் அந்த ஒரு நாள் நிம்மதியாகப் போனது.

முதலில் பார்த்தது தபால்காரர். தெலுங்குக்காரர், நல்ல மனுஷன், அப்போது ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் கட்ட வேண்டிய லைசென்ஸ் விஷயமாக வந்திருந்தார். மேலே நிமிர்ந்து பார்த்தவர் முகமெல்லாம் சிரிப்பானார். "பாக கட்டாவம்மா! விஜயவாட வைப்பு!" என்றார் தெருவே கேட்க. நன்றாகக் கட்டியிருக்கிறாய், விஜயவாடா பக்கமாக, என்று. அப்போதுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே கோடு போட்டால் அது நேரே விஜயவாடா ரேடியோ ஸ்டேஷனுக்குத்தான் போகும் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். நான் மெட்ராஸுக்குத்தான் கட்டினேன் என்றேன். எனக்குத் தெரியும் என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

அவரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் குழாயடியில் துரோகி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் வாயை அடக்க முடியாமல், "உங்க வூடு ஆந்திராவுக்கு மாறிடுச்சாமே" என்றாள். நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு, "எங்க வூட்டுக்கு வந்து காது குடுத்துக் கேளுடி. மெட்ராஸ் கேக்குதா, ஆந்திரா கேக்குதான்னு தெரியும்" என்றேன். அவள் வரவில்லை. யாருமே வரவில்லை. வந்து கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். வெளியில் நின்று கம்பியைப் பார்த்தார்களே தவிர, உள்ளே வந்து காதால் கேட்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. இந்தத் தெரு என்றில்லை, எல்லைச் சண்டையே அப்படித்தான் நடந்தது என்பது என் எண்ணம். கடைசியில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். என் கம்பி எந்தப் பக்கம் பார்த்தது என்று யாரும் எழுதி எடுத்துக்கொண்டு போகவில்லை.

நைனா புதன்கிழமை முகம் சிவந்து வந்தார். தலைவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். உன் வீட்டுக் கம்பி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று.

"நாளைக்கு சாய்ங்காலம் எல்லாரும் நியூஸ் கேக்க இங்க வராங்க. அதுக்குள்ள கம்பி கெழக்க திரும்பி இருக்கணும்" என்றார் என்னிடம்.

"திருப்புனா மோட்டார் எரச்சல் வரும், நைனா."

"வந்தா வரட்டும். நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கறதுக்கா கட்டுனோம்? கேக்கறதுக்குத்தானே கட்டுனோம்?"

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், அவளைப் பார்த்துத்தான் கை இறங்கியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நாளைக்கு வியாழக்கிழமை, அக்கா பேசும் நாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. அக்கா என்று ஆரம்பித்தாலே ரேடியோ தெருவுக்குப் போயிருக்கும்.

வியாழக்கிழமை நான் கம்பியைத் தொடவில்லை. சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஏணியில் மாடியேறினேன். எங்கள் வீட்டுக்கு மாடிப்படி கிடையாது, அந்த மூங்கில் ஏணி ஒன்றுதான் வழி. ஏறி முடித்ததும் ஏணியை மேலே இழுத்து என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். முற்றத்து விளிம்பில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கீழே முற்றமும் ரேடியோவும் தெரியும், திரும்பினால் தெரு தெரியும்.

தலைவர் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "எம்மா, கீழ எறங்கு. கம்பிய நாங்க திருப்பிக்கிறோம்."

"முடியாது."

"இன்னா முடியாது? நீ தமிழ்ப் பொண்ணுதானே?"

"அதனாலதான் தமிழ் காதுல வுழணும்னு கட்டியிருக்கேன். உங்க வூட்டு மோட்டார நிறுத்துங்க, இப்பவே கெழக்க திருப்பிடறேன்."

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. நைனா தலை குனிந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "எறங்கு. இல்லன்னா உன்னையும் தல முழுகிடுவேன்" என்றார். அந்த "உன்னையும்" எல்லார் காதிலும் விழுந்தது. நான் அசையவில்லை. முழுகட்டும், கிணற்றில் தண்ணீருக்கா பஞ்சம் என்று இருந்தது எனக்கு.

பக்கத்து வீட்டிலிருந்து ஏணி கொண்டுவா என்று ஒருவரை அனுப்பினார்கள். அப்போது தாழ்வாரத்தில் ரேடியோ பேச ஆரம்பித்தது. யார் போட்டார்கள் என்று எல்லாரும் திரும்பினார்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். "நியூசுக்கு நேரமாச்சு. உக்காருங்க" என்றாள். அவள் அந்தக் குமிழைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.  தெளிவாகப் பேசுகிற ரேடியோவை விட்டுவிட்டுக் கம்பிக்குச் சண்டை போட யாருக்கும் கால் வரவில்லை. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

செய்திக்கு முன்னால் நாடகம். ஒரு குடியானவனும் அவன் பெண்டாட்டியும். காலையில் மாடு வாங்கச் சந்தைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்புகிறான். அவள் வாசலிலேயே பிடித்துக்கொள்கிறாள்.

"இன்னாய்யா, காலையிலேர்ந்து துன்னாம கொள்ளாம எங்க சுத்திக்கினு வர? மாடு எங்க? மாடு வாங்கப் போன ஆளு இங்க கீறான், மாட்டக் காணோமே!"

அது அக்கா. குரல் மட்டும் இல்லை, அந்த "கீறான்"-ஐ இழுப்பது, கேள்வி கேட்டுவிட்டு மூச்சு வாங்காமல் அடுத்த கேள்விக்குத் தாவுவது, எல்லாம் அவள்தான். என்னைத் திட்டும்போது அப்படித்தான் திட்டுவாள். நான் மாடியில் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கீழே ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் தொடையில் தட்டினார். "கேட்டீங்களா! நம்ம பேச்சுய்யா! 'துன்னாம', 'கீறான்'னு நம்மள ஊரே கேலி பண்ணுது. இப்ப மெட்ராஸ் ரேடியோவே நம்ம பேச்சு பேசுது. இத்த வுட சாட்சி இன்னா வேணும், நாம தமிழங்கன்னு? யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கணும்!"

நைனா எழுந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியாமல் இருக்கும்? நேரே ரேடியோவிடம் போனார், குமிழைத் திருகினார். அக்கா பாதி வார்த்தையில் நின்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "ஏன்யா நிறுத்திட்ட?" என்று ஒருவர் கேட்டார். நைனா குமிழின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா சுவரை விட்டு வந்தாள். நைனாவின் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு சாமானை நகர்த்திவைப்பது போல அந்தக் கையை ஒதுக்கினாள். குமிழைத் திருகினாள். வால்வு சூடாகும்வரை பெட்டி ஊமையாக இருந்தது. அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் முற்றத்தில், முந்தானையைக்கூட இழுத்துப் போர்த்திக்கொள்ளாமல், அம்மா நைனாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரை அவள் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். "யாரு பெத்த பொண்ணுன்னு கேட்டீங்களே. நான் பெத்த பொண்ணு. கேக்கறவங்க உக்காந்து கேளுங்க. புடிக்காதவங்க எழுந்து போங்க."

அக்கா திரும்பி வந்தாள். புருஷனை இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஏணியோடு வந்த ஆள் அதை நடையிலேயே சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். எழுந்து போனது நைனா மட்டும்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நடை வழியாகத் தெருவுக்கு இறங்கினார்.

அவர் போவதை அம்மா பார்த்தாள். ரேடியோவிடம் திரும்பி, சத்தம் வைக்கும் குமிழை அது நிற்கும்வரை திருப்பினாள். அக்காவின் குரல் முற்றத்தை நிறைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி, தெருவுக்குப் போனது. எதிர் வீட்டில் தறி நின்றது. வாசல் வாசலாகப் பெண்கள் வெளியே வந்து, யாரது, யாரது என்று கேட்டார்கள். குழாயடியில் என்னிடம் பேசியவளும் வந்து நின்றாள்.

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். நைனா நாலு வீடு தாண்டியிருந்தார். வேகமாகத்தான் நடந்தார். மின்சாரக் கம்பத்தடியில் வந்ததும் கால் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். இன்னும் நாலடி வைத்திருந்தால் தெரு முனை, அந்தக் குரல் கேட்டிருக்காது. நாடகம் முடியும்வரை அவர் அந்த நாலடியை வைக்கவில்லை. திரும்பி வீட்டுக்கும் வரவில்லை. நானும் ஏணியை இறக்கவில்லை.